தெமோதரையில் எல்லாமே சூப்பர்

ஹப்புத்தளையில் மேகம் விலகியதும் ரயில் பெட்டி முழுவதும் ஒரே சொல்லைச் சொன்னது. எதிரே உட்கார்ந்திருந்த ஜெர்மன் மாணவன் முதல் எழுத்தில் வண்டின் ரீங்காரத்தைச் சேர்த்து ‘ஸூப்பர்’ என்றான். கதவோரம் நின்ற இத்தாலியப் பெண்கள் அதை இன்னொரு சொல்லோடு ஒட்டி ‘சூப்பர்பெல்லோ’ என்றார்கள். கிடார் வைத்திருந்த சிங்கள இளைஞர்கள் ‘சுப்பிரி’ என்றார்கள். கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் கணவர் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, “சூப்பரா இருக்கு, என்ன?” என்று மனைவியைக் கேட்டார். மீன் பனிஸைப் பிட்டுக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த மனைவி பள்ளத்தாக்கைப் பார்க்காமலேயே தலையாட்டினார்.

எனக்கும் அந்தச் சொல்லுக்கும் பழைய பகை. திருச்சியில் ஒரு நாளிதழில் இருபத்து நான்கு ஆண்டுகளாகத் துணை ஆசிரியராக இருக்கிறேன். செய்தியாளர்கள் அனுப்பும் பிரதிகளில் அந்தச் சொல்லைக் கண்டால் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘எவ்வளவு? யாருக்கு?’ என்று எழுதுவேன். இலத்தீனில் அதற்கு ‘மேலே’ என்றுதான் பொருள். அதே வேரில் கிளைத்த சமஸ்கிருதச் சொல்தான் நம்மிடம் ‘உபரி’ ஆகியிருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ‘உபரி நீர் திறப்பு’ என்று தலைப்புப் போடுகிறோம். அதை யாரும் அடிப்பதில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு அலுவலக வேலை, இன்னொருவருக்கு வாசலிலேயே தடை.

ஜெர்மன் மாணவன் உட்கார்ந்திருந்தது என் மாவரைக்கும் இயந்திரத்தின் மேல். பதினொரு கிலோ எடையுள்ள மேசை கிரைண்டர், அட்டைப் பெட்டியில், தேங்காய் நார்க் கயிற்றால் கட்டப்பட்டது. அதைப் பதுளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பயணத்தின் நோக்கம். பெட்டிக்குள் என்ன என்று மாணவன் ஆங்கிலத்தில் கேட்டான். கல் என்றேன். அதற்கும் ‘ஸூப்பர்’ என்றான்.

இதையும் நீ சூப்பர் என்பாயா என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்தான். சில்லறை சரியாகக் கிடைத்தால் தன் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்வார்களாம். பத்து மணிக்குப் பேருந்து என்றாலும் அதுதான், பேருந்தே இல்லை என்றாலும் அதுதான். குரல் மட்டும் இறங்கும். “அது பாராட்டு இல்லை. காதில் விழுந்தது என்று அர்த்தம்,” என்றான். சுற்றுலா ஊரான எல்லவில் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் இறங்கினார்கள். பெட்டி சட்டென்று அமைதியானது. தூக்கிக்கொடுக்க ஆளில்லாமல் நானும் கிரைண்டரும் பதுளை வரை போனோம்.

பதுளை ரயில் நிலையத்தில் கமலா நின்றிருந்தாள். கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பதுளை கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தேழு வருடம் ஆகிறது. கணவருடைய பாட்டனார் இராமநாதபுரத்திலிருந்து வந்தவர். பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“என்னடி, மாப்பிள்ளை வீட்டுச் சீர் மாதிரி தூக்கிட்டு வர்றே?”

“நீதானே கேட்டே.”

“நான் ஒன்றரை லிட்டர்தான் கேட்டேன்.”

ஓட்டோவில் கிரைண்டருக்கு இருக்கை, எனக்கு அதன் விளிம்பு.

மறுநாள் முழுக்கக் கமலாவின் கடையில் உட்கார்ந்திருந்தேன். மலையூர் என்று கம்பளிச் சட்டை கொண்டுவந்திருந்தேன். பதுளை தாழ்வான கிண்ணம் போன்ற ஊர், பதினோரு மணிக்கே வேர்த்தது. காலையில் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும். நம் ஊர் இடியாப்பத்தைவிட மெல்லிசு, ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு தட்டுகள். பிறகு ஒரு மணிக்கொரு முறை பிளேன்டீ. பாலில்லாத அந்தத் தேநீருக்குச் சீனியைக் கலந்துவிடுவதில்லை. உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு நக்கியபடி குடிக்கிறார்கள். நானும் குடித்தேன். கை பிசுபிசுத்து, குறிப்பேட்டின் நான்கு பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.

கடைக்கு எதிரே பெரிய கண்ணாடிக் கட்டடம். சிங்களப் பலகையில் ‘சுப்பிரி’ என்று தொடங்கும் சொல் ‘சூப்பர் மார்க்கெட்’ என்று கமலா படித்துச் சொன்னாள். சினிமா நட்சத்திரத்துக்கும் அதே சுப்பிரிதான். இப்போதைய பிள்ளைகள் அதுவும் போதாமல் ‘உபரிம’ என்கிறார்களாம். உச்சம் என்று பொருள். நம் உபரியின் உடன்பிறப்பு இங்கே கல்லூரி மாணவன்போல் ஊர் சுற்றுகிறது. கமலாவின் மகன் ஜப்பானில் இருக்கிறான். அங்கே சூப்பர் என்றால் காய்கறி வாங்கும் கடை, வேறொன்றும் இல்லை என்று அவன் சொன்னதாகச் சொன்னாள். பெட்ரோல் நிலையத்தில் டீசலிலேயே சாதா ஒன்று, சூப்பர் ஒன்று என்று பலகை வைத்திருப்பதையும் குறித்துக்கொண்டேன். அந்த ஓர் இடத்தில்தான் ‘எவ்வளவு?’ என்ற என் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தது.

மாலையில்தான் கிரைண்டர் யாருக்கு என்று கமலா சொன்னாள். கடைக்கு வாரம் ஒரு முறை அரிசி பருப்பு வாங்க வரும் யோகேஸ்வரிக்கு. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், நாற்பது வயது. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்து சுமந்து கழுத்து நரம்பு கெட்டுவிட்டது. சுமையைக் குறைக்காவிட்டால் கை மரத்துப்போகும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஒரு வருடமாக, வேலையில்லாத நாட்களில், எல்லவிலிருந்து வரும் வெளிநாட்டவர்களுக்குத் தன் வீட்டு வாசலிலேயே மதியச் சாப்பாடு போடுகிறாள். இரண்டு பேர், நான்கு பேர் என்று எப்போதாவது வருகிறார்கள். வரும் வியாழக்கிழமை தரங்க என்ற வழிகாட்டி பத்துப் பேரை முதன்முறையாக அழைத்துவருகிறார். சாப்பாடு பிடித்துப்போனால் யோகாவுக்கு வாரத்தில் நிலையாக ஒரு நாள் கிடைக்கும். அந்த ஒரு நாள் அவள் மலைக்கு ஏற வேண்டாம்.

“அவ கையில சாப்பிட்டிருக்கேன். நல்லாத்தான் சமைக்கிறா,” என்றாள் கமலா. “ஆனா தரங்க போன மாசமே ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாரு. அவங்களும் சூப்பர்னுதான் சொன்னாங்களாம். அப்புறம் நாலு வாரமா அவர்கிட்டருந்து ஒரு போன் இல்ல, இப்பத்தான் இந்தப் பத்துப் பேருக்குக் கேட்டிருக்காரு. என்ன குறைன்னு இவளுக்குத் தெரியல.”

செவ்வாய்க்கிழமை பண்டாரவளைப் பேருந்தில் கிரைண்டரை ஓட்டுநருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டியின்மேல் வைத்தார்கள். ஹாலிஎல தாண்டி ஒரு வளைவில் கயிறு அறுந்து, பெட்டி நழுவி, கல் மட்டும் உருண்டு நடத்துநரின் காலருகே நின்றது. அவர் குனிந்து பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொன்னார். பேருந்தே சிரித்தது. பக்கத்தில் இருந்த பெண் எனக்கு மொழிபெயர்த்தார்: “இந்த அம்மா ஊர்லருந்து சாமி கொண்டு வந்திருக்காங்கன்னு சொல்றாரு.” தெமோதரையில் கல்லை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பெட்டியை யோகாவின் கணவர் சிவகுமார் வாங்கிக்கொண்டார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சட்டையிலும் தலைமுடியிலும் தேயிலைத் தூள்.

தோட்ட அலுவலகத்தைத் தாண்டித்தான் ஏற வேண்டும். வாசல் பலகையில் நிர்வாகியின் பதவி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, ‘சூப்பரின்டென்டன்ட்’ என்று. நான் நின்று அதைப் படிப்பதைச் சிவகுமார் கவனித்தார். அந்தச் சொல்லைக் காணும் இடமெல்லாம் குறித்துக்கொள்கிறேன் என்றேன்.

“எங்களுக்கு அந்தச் சொல்லு பழசுங்க,” என்றார். “மேல ஒரு சூப்பரு இருக்காரு, அவருக்குக் கீழ சூப்பர்வைசரு இருக்காரு. ரெண்டு பேரும் ஒருநாளும் எங்கள சூப்பர்னு சொன்னதில்ல.”

யோகாவின் வீடு லயத்தின் கடைசி அறை. தொழிலாளர் குடியிருப்பான அந்த நீண்ட வரிசைக் கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். கடைசி என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் இடம். அதில் தகரக் கூரை போட்டு, பலகை பெஞ்சும் நீள மேசையும் வைத்திருந்தார்கள். மேசையிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கும், வளைந்து தன் வாலைத் தானே கடிக்கப் போகும் ரயில் பாதையும் தெரிந்தன. யோகா மெலிந்த உயரமான பெண். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்தே திரும்பினாள். கிரைண்டரில் கையை வைத்து ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நல்லாயிருக்கா என்று கேட்டேன்.

“அரைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன், அக்கா.”

அன்றைக்கே உளுந்து ஊறப்போட்டாள்.

சாப்பாட்டில் என்னென்ன என்று விசாரித்தேன். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, பூசணிக்காய், வல்லாரைச் சம்பல், உருளைக்கிழங்கு, கருவாட்டுத் தொக்கு. இனி உளுந்து வடை. உருளைக்கிழங்கில் தக்காளி சோஸும் சீனியும் சேர்த்திருந்தாள். வெளிநாட்டவர்களுக்கு இனிப்பு பிடிக்கும் என்று தரங்க சொன்ன யோசனை. கருவாட்டுத் தொக்கு சிவகுமாரின் கைவேலை. அதைப் பற்றி அவர் கால் மணி நேரம் பேசினார். மூன்று மாதத்துக்கு முன் தட்டை எடுத்துவிட்டு வாழையிலை போடச் சொன்னதும் தரங்கதான். மேசையில் அவர் ஓர் அட்டையும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள், உணவு பிடித்தது என்பதற்குத் தமிழர்களிடம் அதுவே அடையாளம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

யோகா என்னை ஏன் எதிர்பார்த்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. கிரைண்டருக்காக மட்டும் இல்லை.

“நீங்க பேப்பர்ல வேலை செய்யுறவங்க. பிரெஞ்சு வேற படிச்சிருக்கீங்கன்னு கமலாக்கா சொன்னாங்க. நாளைக்கு நாலு பேரு வர்றாங்க. அவங்க சொல்ற சூப்பர்ல எது நெசம்னு பாத்துச் சொல்லுங்க. எல்லாமே சூப்பர்னா நான் எதத் திருத்துறது?”

கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவள் நான். ‘அத்தையின் பேனா மேசையின் மேல் இருக்கிறது’ என்பதற்கு மேல் உறுதி கூற முடியாது. இருந்தாலும் சரி என்றேன்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு நான்கு பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற ஜெர்மன் தம்பதி, ஒரு பிரெஞ்சுத் தாய், அவருடைய வளர்ந்த மகள். குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு மேசையின் ஓரத்தில் நானும் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஜெர்மன் கணவர் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைச் சொன்னார். கை கழுவ வைத்திருந்த சொம்புக்கு ஒன்று, பெஞ்சு ஆடாமல் இருக்க யோகா கொடுத்த முட்டுக்கு ஒன்று. ரயிலில் மாணவன் சொன்னதை நினைத்து அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் சீட்டியடிக்கப் போவதுபோல் உதட்டைக் குவித்து அதைச் சொல்கிறார்கள். தனியாகவும் சொல்கிறார்கள், வேறு சொல்லுக்கு முன்னால் அடுப்பை ஊதிவிடுவதுபோலவும் வைக்கிறார்கள். வடைக்குத் தாய் ‘சூப்பர் ருசி’ என்றார். பலாக்காய்க்கும் அதுவே. உருளைக்கிழங்குக்கு யோகாவைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, இரண்டு முறை ‘சூப்பர், சூப்பர்’ என்றார். அது மற்றவற்றைவிடச் சத்தமாக இருந்தது.

யோகா அடுப்படிக்குத் திரும்பியதும், அந்தத் தாய் குரலைத் தாழ்த்தி மகளிடம் பேசினார். என் அத்தையின் பேனாவுக்கு அன்றைக்கு ஒரு பயன் கிடைத்தது.

“அதை நடுவில் தள்ளிவிட்டு மடித்துவிடு. மடித்தால் பிடித்தது என்று அர்த்தமாம்.”

மகள் மடித்தாள். எதிரே ஜெர்மன் மனைவியும் கணவரின் இலையைச் சேர்த்து, கடிதத்தை உறையில் போடுவதுபோல் நேர்த்தியாக மடித்தார். நான்கு பச்சைப் பொட்டலங்கள். எல்லோரும் யோகாவின் கையைப் பிடித்து அந்தச் சொல்லை இன்னொருமுறை சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார்கள்.

யோகா இலைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே பக்கத்து வீட்டுப் பசு கட்டியிருந்தது. தட்டில் போட்ட காலத்தில் மிச்சம் வரும், இலைக்கு மாறிய பிறகு ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்று அவள் முந்தின நாள் பெருமையாகச் சொல்லியிருந்தாள். மடித்த இலையை இங்கே யாரும் பிரிப்பதில்லை. எங்கள் ஊரிலும்தான். அது அடுத்தவர் எச்சில், எடுத்தபடியே போட்டுவிட வேண்டும். ஆகவே மூன்று மாதத்துக் குற்றமும் குறையும் அப்படியே பசுவிடம் போயிருக்கின்றன.

சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்த நேரம் சொற்பம். காதில் விழுந்ததைச் சொன்னேன்.

அவள் முதலில் நம்பவில்லை. விருந்தாளி அப்படிச் செய்வானா என்றாள். பிறகு முகம் மாறியது. தொலைவில் மலைச்சரிவில் இருந்த தகரக் கொட்டகையைப் பார்த்தாள். அது கொழுந்து மடுவம், பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம். நிறுக்கும்போது முற்றிய இலை தெரியாமலிருக்க அதைக் கூடையின் அடியில் அழுத்தி, இளங்கொழுந்தை மேலே பரப்புவார்களாம். கணக்கப்பிள்ளை, அதாவது வேலையை மேற்பார்ப்பவர், மேலே பார்க்கவே மாட்டார். கையை அடிவரை விட்டுத் துழாவுவார். யோகாவும் அப்படி ஒளித்திருக்கிறாள், பிடிபட்டும் இருக்கிறாள்.

“அடியிலதான் இருக்கும்,” என்றாள்.

தரையில் குந்தி, இலைகளை வரிசையாக வைத்து, முதல் மடிப்பைப் பிரித்தாள். சிவகுமார் தொழிற்சாலையிலிருந்து மதிய இடைவேளைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏ புள்ள, எச்சி எலையவா நோண்டுற?”

“சும்மா இருங்க.”

“லயத்துல யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?”

“கொழுந்து மட்டம் பாக்குறேன்னு சொல்லுங்க.”

மேலே தெரிந்ததை அவள் பார்க்கவேயில்லை. சோற்றுக்கு அடியில் விரல்களை விட்டு எடுத்தாள். நான்கு இலையிலும் இனிப்பு உருளைக்கிழங்கு முழுசாக இருந்தது. மூன்று இலையில் கருவாட்டுத் தொக்கு, தொட்ட தடம்கூட இல்லாமல். வல்லாரை ஒரு இலையில் மட்டும். வடை, பலாக்காய், பூசணி, பருப்பு எதிலும் இல்லை.

சிவகுமார் கருவாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நாலாவது ஆளு யாரு?” என்று கேட்டார். ஜெர்மன் கணவர் என்றேன். “மனுசன்,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்று மாலை யோகா கணக்குப் போட்டாள். கருவாட்டை நிறுத்துவது வீட்டுக்குள் தீர்க்கக்கூடிய விஷயம். உருளைக்கிழங்கு அப்படியல்ல. அது தரங்கவின் யோசனை. நாளைக்கு முடிவு சொல்லப் போகிறவரும் அவர்தான். அவர் சொன்னதை எடுத்துவிட்டால் கோபித்துக்கொள்ளலாம். விட்டுவைத்தால் பத்து இலையில் அது மடிந்து கிடக்கும். பத்துப் பேரும் சூப்பர் என்பார்கள், தரங்க மறுபடியும் கூப்பிட மாட்டார். இரண்டு பக்கமும் அவளுக்கு நஷ்டம். நான் கருத்துச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு உளுந்து அரைக்கத் தொடங்கினாள். கிரைண்டர் ஓடியபோது லயத்தின் பாதி விளக்குகள் மங்கின. மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு பெண் குரல், “யோகாக்கா, எனக்கும் ஒரு கரண்டி மாவு குடுத்தா வெளிச்சம் இல்லாட்டியும் பரவால்ல,” என்றது.

வியாழக்கிழமை தரங்க வந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். ஹாலிஎல சந்தையில் பழகிய சரளமான தமிழ். பின்னால் பத்துப் பேர். நெதர்லாந்து, ஸ்பெயின், போலந்து என்று மூன்று நாட்டவர். உட்கார்ந்த உடனே மூன்று மொழிகளிலும் பள்ளத்தாக்குக்கு அந்தச் சொல் கிடைத்தது. போலந்துக்காரர்கள் அதைச் சுருக்கமாக வெட்டிச் சொன்னார்கள், ஸ்பானியர்கள் முதல் அசையில் ஏறி மிதித்தார்கள்.

மேசையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரங்க அடுப்படிக்கு வந்தார். உருளைக்கிழங்கு எங்கே என்று கேட்டார். இன்றைக்கு இல்லை என்றாள் யோகா. அவர் முகத்தில் சிரிப்பு குறைந்தது. அவள் நிறுத்தவில்லை.

“இன்னொன்னுங்க. எலைய மடிக்க வேணாம்னு சொல்லுங்க.”

“என்ன யோகா, வேனில வரும்போதே மடிக்கிற கதையச் சொல்லிட்டேன். அவங்க அதத்தான் எதிர்பாக்குறாங்க. வீடியோ எடுப்பாங்க.”

“எடுக்கட்டும், மடிக்கட்டும். நான் பாத்ததுக்கப்புறம்.”

“எதப் பாக்கப் போற?”

“மிச்சத்த.”

தரங்க என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். அவர் வெளியே போய் ஆங்கிலத்தில் அறிவித்தார்: இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, சமைத்தவர் வந்து இலையைப் பார்த்த பிறகுதான் மடிக்க வேண்டும். வழக்கம் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு வயது ஒரு நாள்.

சாப்பாடு முடியும் நேரத்தில் யோகா வரிசையின் ஒரு முனையிலிருந்து நடக்கத் தொடங்கினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் இலைக்கு முன்னும் நின்று, குனிய முடியாத கழுத்தால் உடம்போடு சாய்ந்து பார்த்தாள். சிவகுமார் கதவருகே நின்று என்னிடம், “அச்சு அசல் கணக்கப்பிள்ளைங்க,” என்றார். விருந்தினர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவர் வீடியோ எடுத்தார்.

ஏழாவது ஆள் ஒரு நெதர்லாந்துக்காரர், மிக உயரமானவர். அவள் வந்து சேர்வதற்குள் இலையின் ஓரத்தைப் பிடித்துவிட்டார். யோகா ஒற்றை விரலை இலையின்மேல் வைத்தாள். அவர் சிவந்துபோய்க் கையை எடுத்தார். நடுவில் வல்லாரைச் சம்பல் அப்படியே இருந்தது.

அவர் சூப்பர் என்றார்.

யோகா இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அடுத்த இலைக்கு நகரவில்லை. அந்த மனிதர் நெஞ்சில் கைவைத்து ஆங்கிலத்தில், கசக்கிறது, மன்னிக்க வேண்டும், மற்றதெல்லாம் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன் என்றார். தரங்க மொழிபெயர்த்தார். யோகா முதல் தடவையாகச் சிரித்தாள்.

“அதச் சொன்னா என்னவாம்? தேங்காப்பூ கூடப் போட்டா கசப்பு தெரியாதுன்னு சொல்லுங்க.”

அதன் பிறகு மேசையில் எல்லோருக்கும் வாய் திறந்தது. போலந்துப் பெண் ஒருத்தி சோறு தனக்கு அதிகம் என்றாள். ஒரு ஸ்பானியர் பருப்புக்கு இன்னும் காரம் கேட்டார். இரண்டு பேர் வடை இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். இருந்தது. யாருமே சூப்பர் என்று சொல்லாமல் அரை மணி நேரம் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். அடுப்படியில் சிவகுமார் தன் கருவாட்டுத் தொக்கைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார். கேட்பவருக்கு மட்டும் என்பது புதன்கிழமை இரவுச் சமரசம். ஒருவர் கேட்டார். அவருக்குச் சிவகுமாரே கொண்டுபோய் வைத்தார்.

விருந்தினர் வேனில் ஏறியதும் தரங்க திரும்பி வந்தார். யோகா இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்திலும் ஒரு கைப்பிடி சோறு தேறாது.

“சுப்பிரி,” என்றார் தரங்க.

“சுப்பிரி இருக்கட்டுங்க. எந்த நாளு?”

அவர் தயங்கி, கைபேசியை எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார். மழைக்காலத்தில் ஆள் குறையும் என்றார். உருளைக்கிழங்கை எடுத்ததை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்றார். யோகா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“செவ்வாய்,” என்றார்.

“ஒவ்வொரு செவ்வாயுமா?”

“ஒவ்வொரு செவ்வாயும். மழை பெஞ்சாலும்.”

வேன் இறங்கிப்போகும் சத்தம் கேட்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு உடம்போடு திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

“என்னங்க, நாளைக்குக் காலைல பெரட்டுல பேர் கூப்புடுறப்ப, செவ்வாய்க்கிழமை நான் மலைக்கு வரலைன்னு கணக்கப்பிள்ளைகிட்ட யாரு சொல்றது? நீங்களா, நானா?”

“நீயே சொல்லு,” என்றார் சிவகுமார்.

அவள் தலையாட்டப் பார்த்தாள். கழுத்து ஒத்துழைக்கவில்லை. “சரி, நானே சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு இலைகளைப் பசுவிடம் கொண்டுபோனாள்.